கரி குக்கருக்கு ஒரு புத்தகம்

சேசு மரி சூசை

பாலக்கோடு
11-1-1971

அன்புள்ள இசபெல்லா அக்காவுக்கு,

நீ பெங்களூரிலிருந்து அனுப்பிய கரி குக்கர் வந்துவிட்டது. மூன்று அடுக்கையும் பார்த்து, "இதென்னா, கோயில் கோபுரமா?" என்றார் அப்பா. காலையில் அடியில் கரி போட்டு மூடிவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறேன். சாயங்காலம் சோறு சூடாக இருக்கிறது. அம்மா இறந்த பிறகு, சமைப்பதற்காக ஒரு வகுப்பையும் விடாமல் போனது கடந்த வாரம்தான்.

ஆனால் பருப்பு வேகவில்லை. ஒரு நல்ல புத்தகம் வேண்டும். பச்சியப்பன் கடையில் இரண்டு பார்த்தேன். பெரியதில் எல்லாமே விருந்துச் சமையல். முந்திரி இல்லாத பக்கமே இல்லை. சின்னது அன்றாடச் சமையல்தான். ஆனால் எல்லாவற்றிலும் "பதம் வந்ததும் இறக்கவும்" என்கிறது. மூடிய குக்கருக்குள் பதத்தை எப்படிப் பார்ப்பது? நமக்கு நேரமும் தண்ணீர் அளவும் சொல்கிற புத்தகம் அல்லவா வேண்டும்? நின்றே படித்துவிட்டேன். "பாப்பா, பரீட்சை எதாச்சும் வச்சிருக்காங்களா?" என்று கேட்டார் கடைக்காரர். எதை வாங்கட்டும்?

இன்னொரு சேதி. மாரண்டஹள்ளி ஞானராஜுக்கு உன்னைப் பேசி முடித்துவிட்டார் அப்பா. நேற்று ஞாயிறு பூசையில் முதல் கல்யாண ஓலை வாசித்தார்கள். நீ ஆஸ்பத்திரி லீவில் வருவதற்குள் மூன்று ஓலையும் முடிந்துவிடுமாம்.

அன்புத் தங்கை,
ராஜமேரி

பெங்களூர்
18-1-1971

அன்புள்ள மேரிக்கு,

ஐந்து நாளாகப் பதில் எழுத முடியவில்லை. அந்த இரண்டையும் வாங்காதே. என்னுடைய புத்தகத்தையே அனுப்புகிறேன். கரி குக்கருக்கென்றே எழுதியது. இங்குள்ள கரிக்குத் தகுந்தபடி நேரத்தை ஓரத்தில் திருத்தியிருக்கிறேன். கொள்ளுப் பயறை முதல் நாளே ஊறவை. களி மட்டும் அதில் ஆகாது, நீதான் கிளறவேண்டும்.

முதல் பக்கத்திலிருந்து படி. எந்தப் பக்கத்தையும் தாண்டாதே.

அக்கா

பாலக்கோடு
22-1-1971

அக்கா,

புத்தகம் வந்தது. முதல் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறது:

"இசபெல்லாவுக்கும் கிருஷ்ணப்பனுக்கும், பதிவுத் திருமண நாளில், வார்டுத் தோழிகள். 4-9-1970."

யாரோ வேறு இசபெல்லாவின் பழைய புத்தகம் என்று நினைத்தேன். ஆனால் ஓரத்திலெல்லாம் உன் கையெழுத்து. நாலரை மாதமாக ஹாஸ்டல் சாப்பாடு சரியில்லை என்று எழுதினாயே!

விவாகத் தடை தெரிந்தவர்கள் சொல்லவேண்டும் என்று பங்குச் சாமியார் ஓலை வாசித்து இரண்டு ஞாயிறும் கேட்டார். நான் உன் கல்யாணத்துக்கு என்ன நிறப் பாவாடை எடுக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நாளை மறுநாள் மூன்றாவது ஓலை. சொல்லாவிட்டால் பாவம். சொன்னால் அப்பா என்ன ஆவார்? இந்த வேலையை எனக்கா கொடுத்தாய்? எனக்குப் பதினாலு வயசு அக்கா.

ராஜமேரி

பாலக்கோடு
25-1-1971

அக்கா,

சனிக்கிழமை காலையில், "என்ன பாப்பா சமைக்கப்போற?" என்று கேட்டார் அப்பா. முதல் பக்கத்தைத் திறந்து அவர் கையில் கொடுத்தேன். எழுத்துக்கூட்டிப் படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார். "இது யார் கிருஷ்ணப்பன்?" என்றார். பதிலுக்குக் காத்திராமல் துண்டை எடுத்துக்கொண்டு சாமியார் பங்களாவுக்குப் போனார்.

ஞாயிறு பூசையில் உன் ஓலை வாசிக்கவில்லை. எல்லாரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் கொள்ளுக் குழம்பு வைத்தேன், நீ திருத்திய நேரப்படி. சாப்பிட்டுக் கை கழுவியபின் சொன்னார்: "அந்தப் புஸ்தகம் இந்த வூட்ல இருக்கக்கூடாது. அனுப்பிடு. இனி அவளுக்குக் காயிதமும் போடாத." வாசல்வரை போய்த் திரும்பி, "குக்கர் இருக்கட்டும். நீ பள்ளிக்கூடம் போவணும்," என்றார்.

புத்தகம் இத்துடன் வருகிறது. அன்றாடத்துக்கு ஆகிற நாற்பத்தொரு சமையலையும் ராத்திரி உட்கார்ந்து என் கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டேன். ஓரத்தில் நீ எழுதியதையும் விடவில்லை.

முதல் பக்கத்தையும் எழுதிக்கொண்டேன், நோட்டின் கடைசியில். அப்பா அதுவரை புரட்டமாட்டார்.

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

ராஜமேரி