ஜாடிக்குள் இருந்த காகிதம்

இன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது கையில் மீன் ஜாடிகளில் ஊற்றும் ஃபார்மலின் வாடை. மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. தயிர்ச்சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டேன். நீர் இந்த வாடையோடேயே முறுக்கு தின்பீர். நான் முகம் சுளித்தால் சிரிப்பீர். நீர் கண்ணை மூடி ஒரு வருஷம் தாண்டிவிட்டது. உம்மிடம் ஒன்று சொல்ல வேண்டும். நல்ல செய்தி இல்லை.

பாளையங்கோட்டையில் நம்முடைய அந்தச் சின்ன அருங்காட்சியகத்தில் மீன் அறை உம்முடையது, பார்க்க வரும் பள்ளிப் பிள்ளைகள் என் பொறுப்பு. அதில்தான் நமக்கு ஓயாத சண்டை. மணிமுத்தாற்றிலும் கல்லிடைக்குறிச்சிப் படித்துறையிலும் முழங்கால் தண்ணீரில் நின்று பிடித்து வந்த மீன்களை ஜாடியில் போட்டு, கூடவே பென்சிலால் எழுதிய ஒரு துண்டுக் காகிதத்தையும் உள்ளே போடுவீர். அது ஊறிப் பழுத்து, மீனோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும்.

"ஊருல சொல்லுத பேரைப் பெருசா எழுதி வெளிய ஒட்டும் வே. பிள்ளைகளுக்குப் புரிய வேண்டாமா?" என்பேன்.

"பேரைப் பொறவு யாரும் எழுதிக்கிடலாம் வே. எங்கன பிடிச்சோம், என்னைக்குப் பிடிச்சோம்ங்கிறதைப் பிடிச்சவன்தான் எழுத முடியும்" என்பீர். எனக்கு எரிச்சலாக வரும். பிள்ளைகள் உம் அறையில் இரண்டு நிமிஷம்கூட நிற்பதில்லை என்பது உமக்கு உறைக்கவே இல்லை என்று நினைப்பேன்.

நீர் போன பிறகு, அறைகளைப் புதுப்பிக்க அனுமதி வந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். புதுக் கண்ணாடி ஜாடிகள், விளக்குகள், வண்ணப் படம் போட்ட பெயர்ப்பலகைகள். கெண்டை, கெளுத்தி, விரால் என்று வாசகம் எல்லாம் நானே எழுதினேன். மகள் வீட்டு விசேஷத்துக்குக் கோயம்புத்தூர் கிளம்பும்போது, வேலை எடுத்திருந்தவரிடம், "பழசு எல்லாத்தையும் மாத்திருங்க" என்று சொல்லிவிட்டுப் போனேன். நான் சொன்னது அவ்வளவுதான்.

திரும்பி வந்தபோது மீன் அறை பளபளவென்று இருந்தது. காகிதங்கள் எங்கே என்று கேட்டேன்.

"அதுவா அண்ணாச்சி? ஒரே கறையா இருந்துச்சு. பார்க்க நல்லா இல்லைன்னு குப்பையில போட்டுட்டோம்."

அப்போதுகூட எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை என்பதுதான் வெட்கக்கேடு.

போன மாதம் ஒரு ஆராய்ச்சி மாணவி வந்தாள். ஆற்றில் எந்தக் கெண்டை எதுவரைக்கும் இருந்தது என்று பார்க்கிறாளாம். உம் ஜாடிகளைத் தேடித்தான் வந்திருந்தாள். பதினொரு ஜாடிகளைத் திறந்து காட்டினேன். எல்லாவற்றிலும் என் பெயர்ப்பலகை: கெண்டை.

"சார், இதுல எது மணிமுத்தாறு அணைக்கு மேல பிடிச்சது, எது படித்துறையில பிடிச்சது?"

"காண்ட்ராக்ட்காரங்க பண்ணின வேலைம்மா" என்றேன். நா கூசாமல் சொன்னேன்.

"இடம் தெரியலைன்னா இதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதே சார்" என்றாள். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

உம் வீட்டம்மாவிடம் கேட்டு உம் நோட்டுப் புத்தகங்களை வாங்கி வந்தேன். எல்லாம் இருக்கிறது. இடம், நாள், எத்தனை மீன், என்ன நீளம். எந்த ஜாடி என்பது மட்டும் இல்லை. மீனை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து அளந்து ஒத்துப் பார்க்கிறேன். 'வால் கிழிந்தது ஒன்று' என்று நீர் எழுதியிருந்ததை வைத்து ஒரு ஜாடி பிடிபட்டது. எண்ணிக்கையை வைத்து இன்னொன்று. மற்ற ஒன்பதும் இன்று வரை அகப்படவில்லை. உம்மேலும் கோபம் வருகிறது. அந்த நோட்டில் ஒரு எண், ஜாடியில் அதே எண், அதைப் போட்டிருக்கக் கூடாதா? சண்டை போட்ட நேரத்தில் ஒரு நாளாவது என்னை உட்கார வைத்துக் காட்டியிருக்கக் கூடாதா? காட்டியிருந்தால் நான் கேட்டிருப்பேனா என்றால், அதுவும் சந்தேகம்தான்.

அந்த ஒன்பது ஜாடிகளிலும் என் பலகையை எடுத்துவிட்டு, 'பிடித்த இடம் தெரியாது' என்று எழுதி ஒட்டினேன். மேலிடத்தில் முகம் சுளித்தார்கள். அருங்காட்சியகத்துக்கு அசிங்கம் என்றார்கள். எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

நேற்று டவுணில் இருந்து ஒரு பள்ளிக்கூடம் வந்தது. ஒரு பெண் அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "உங்களுக்கே தெரியாதா சார்?" என்று கேட்டாள்.

"தெரிஞ்ச ஒருத்தர் எழுதி வச்சிருந்தாரும்மா. நான்தான் எடுத்துப் போடச் சொன்னேன்."

இத்தனை வருஷத்தில் உம் அறையில் பிள்ளைகள் அவ்வளவு நேரம் நின்றதில்லை. ஏன் சார், எதுக்கு சார் என்று கேட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் நின்று பதில் சொன்னேன். நாளைக்கு மேலப்பாளையத்தில் இருந்து ஒரு பள்ளி வருகிறது. அவர்களிடமும் சொல்ல வேண்டும்.