பரண் மேல் கேஸ்கட்

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே புழுக்கம். மேடவாக்கம் சிக்னலில் தண்ணீர் லாரிக்குப் பின்னால் இருபது நிமிடம். கேம்ப் ரோடு தெரபி சென்டருக்கு இன்றும் லேட். உள்ளே போனதும் மீனு மேஜைக்கு அடியில்.

பெனிட்டா மிஸ் என்னென்னவோ காட்டிப் பார்த்தார். சோப்புக் குமிழி, சிப்ஸ், பாடும் பொம்மை, கடைசியில் என் போன். மகாராணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூன்றரை வயது. இதுவரை எங்களிடம் எதையும் கேட்டதில்லை. பசித்தால் அழுவாள், எதற்கு என்று நாங்கள் ஊகிக்க வேண்டும்.

"அவளுக்கு ரொம்பப் பிடிச்சது ஏதாவது ஒண்ணு கெடைக்கணும், மீனு அம்மா. அத வெச்சுத்தான் கேக்கக் கத்துக்குடுக்க முடியும். ஆறு வாரமாத் தேடுறோம்."

சாதாரணமாகத்தான் சொன்னார். நான் மீனுவின் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

திரும்பும்போது ஆட்டோக்காரர்: "கொயந்த ஜாலியா கீது, நீ இன்னாத்துக்குமா டல்லா கீற?"

வாங்க: தயிர், டயபர், கொசுவத்தி.

ஜூன் 11, புதன்

சேர்த்த அன்று நான் நிரப்பிய படிவத்தை மிஸ் தோண்டி எடுத்துவிட்டார். 'பிடித்தவை': பொம்மை, பார்க், அப்பா. பாதி பொய். பொம்மையைத் தொட்டதே இல்லை, காலியாக விட வெட்கமாக இருந்தது. 'தொல்லைகள்': கத்தல், செருப்பை வீசுதல், குக்கர் கேஸ்கட்.

"கேஸ்கட்டா? அதுல என்ன தொல்லை?"

சொன்னேன். மூடியிலிருந்து உருவி எடுத்து உருட்டிவிடுவாள். அது ஆடி ஆடிப் படுப்பதைத் தரையோடு தரையாகப் படுத்துப் பார்ப்பாள். மணிக்கணக்கில். சமைக்க முடியாது, பிடுங்கினால் ஊரைக் கூட்டுவாள். அதனால் பரணில், பழைய சூட்கேசுக்குள். குக்கர் வைக்கும்போது மட்டும் நாற்காலி போட்டு எடுப்போம்.

மிஸ் சிரித்துவிட்டார். "நான் தேடுறத நீங்க பரண்ல வெச்சிருக்கீங்க."

வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன். கோபம் மிஸ் மேல் இல்லை, என் மேல்தான்.

ஜூன் 13, வெள்ளி

கைப்பையில் கேஸ்கட். பை முழுக்கப் பருப்பு வாசனை. ரகு இன்று வீட்டிலிருந்தே வேலை.

"அப்ப மத்தியானம் சாதம்?"

"வடிச்சுக்கோங்க. உங்க பொண்ணுக்காகத்தானே."

(வடித்தது கஞ்சி. அது தனிக் கதை.)

மிஸ் கேஸ்கட்டை உருட்டினார். மீனு மேஜைக்கு அடியிலிருந்து வெளியே. படுத்துவிட்டாள். அடுத்த முறை மிஸ் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டார். அலறல். மீனுவின் உள்ளங்கையை மெல்ல விரித்து நீட்டவைத்து, உடனே கொடுத்தார். திரும்ப வாங்கினார். திரும்ப அலறல். நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே. உள்ளே போய்ப் பிடுங்கிக் கொடுத்துவிடலாமா என்று கை பரபரத்தது.

எட்டாவது தடவையோ ஒன்பதாவதோ. யாரும் தொடவில்லை. அவளாகவே கையை நீட்டினாள். மிஸ் முகத்தை ஒரு நொடி பார்த்தாள்.

பாத்ரூமுக்குப் போய் அழுதேன். சந்தோஷம்தான்.

மிஸ் உத்தரவு: கேஸ்கட் இனி சென்டரில் மட்டும், வீட்டில் கண்ணிலேயே படக் கூடாது; சும்மா கிடைத்தால் கேட்க மாட்டாளாம். சமையலுக்குப் புதிது வாங்கி, மேல் அலமாரியில் பூட்டி வைக்க வேண்டும்.

ஜூன் 15, ஞாயிறு

இன்று வேறு கவலை. கேஸ்கட்டுக்கு மட்டும்தான் நீட்டுவாளோ? மிஸ்ஸுக்கு மெசேஜ் போட்டேன். "கை நீட்டினா கெடைக்கும்னு புரிஞ்சா மத்ததுக்கும் நீட்டுவா. அவசரப்படாதீங்க."

வாழைப்பழத்தைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றேன். நீட்டவில்லை. ரகு: "சுதா, நீ எக்ஸாம் வெக்கிற மாதிரி நிக்கிற. எனக்கே பயமா இருக்கு." பழத்தை அவரே தின்றார்.

ஜூன் 17, செவ்வாய்

விடியற்காலையில் நல்ல மழை. துணி எல்லாம் மாடியில். ஓடி எடுத்துவிட்டு வந்து, வேர்த்து, சமையலறையில் நின்றபடி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். மீனு எப்போது எழுந்தாளோ தெரியாது. பக்கத்தில் நிற்கிறாள். கை நீட்டியிருக்கிறது. அழவில்லை.

அரை டம்ளர் கொடுத்தேன். குடித்தாள். டம்ளரைத் தந்துவிட்டு மறுபடி கை. கொடுத்தேன். ஒரு வாய். மறுபடி கை. தாகம் இல்லை, கேட்டால் கிடைக்கிறதா என்று பார்க்கிறாள். நானும் கொடுத்துக்கொண்டே இருந்தேன். ஐந்தாவது டம்ளரை என் கால் மேல் கவிழ்த்துவிட்டு, மறுபடி கை நீட்டினாள்.