விடியற்கால நாடி

மலை முகாம், 3.10.1983

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நேற்று நூற்றெழுபது கிலோவைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டேன். நீ சொன்னது சரிதான், தசை ஒன்றும் பெருத்துவிடவில்லை. தூங்கிக் கிடந்த இழைகளை நரம்பு எழுப்பிவிட்டது. உடல் எடைதான் தொல்லை. இன்னும் நான்கு கிலோ இறங்காவிட்டால் என் எடைப் பிரிவில் பளுதூக்கும் அணியில் இடமில்லை.

காலையில் எழுமுன் நாடி எண்ணி நோட்டில் எழுத வேண்டும். அறுபதைத் தாண்டினால் அன்று ஓய்வு. என் அறைத்தோழன் கோஸ்டாடின் வாரம் முழுவதற்கும் திங்களன்றே எழுதிவிடுகிறான். கேட்டால், "கோச் நோட்டத்தான் பாக்குறாரு, கையப் பிடிச்சா பாக்குறாரு?" என்கிறான்.

இன்று நாடி 54.

உன் தம்பி,
ராங்கெல்

பிளோவ்திவ், 8.10.1983

அன்புத் தம்பிக்கு,

அவன் கெட்டிக்காரத்தனம் உனக்கு வேண்டாம். உடம்பில் தண்ணீரும் உப்பும் வற்றினால் தசை பிடித்துக்கொள்ளும் என்று மாணவர்களுக்குத் தினமும் பாடம் நடத்துகிறேன். கெண்டைக்கால் பிடித்தால் நீவிவிடலாம். நெஞ்சிலிருப்பதும் தசைதான், அதை யார் நீவுவது? மேல் எடைப் பிரிவுக்குப் போ என்றால் கேட்கமாட்டாய். கடிதம்தோறும் நாடியையாவது எழுது. எண்ணாமல் எழுதாதே.

அக்கா நேவேனா

மலை முகாம், 14.10.1983

அன்புள்ள அக்காவுக்கு,

இன்னும் ஒரு கிலோதான். கம்பளி உடுத்தி நீராவி அறையில் உட்காருகிறேன். கோச் தரும் மாத்திரையால் சிறுநீர் நிற்காமல் போகிறது. கால் சுண்டி இழுக்கிறது. "காஞ்ச திராட்சை ஆயிட்டடா" என்று கோஸ்டாடின் கேலி செய்கிறான். புதன்கிழமை எடை பார்ப்பார்கள்.

கவலைப்படாதே. நாடி 54.

ராங்கெல்

பிளோவ்திவ், 17.10.1983

தம்பி,

மறுபடியும் 54. இவ்வளவு வற்றிய உடம்பில் நாடி ஏறாமல் இருக்காது. எனக்குப் பயமாக இருக்கிறது. மாத்திரையை நிறுத்து. அணி போனால் போகட்டும், தண்ணீர் குடி.

அக்கா

பிளோவ்திவ், 24.10.1983

ராங்கெல்,

என் கடிதம் பிரிக்கப்படாமல் திரும்பி வந்துவிட்டது. 18ஆம் தேதி செவ்வாயன்றே நீராவி அறையில் உன் இதயம் நின்றுவிட்டது. வியாழனன்று உன்னைப் புதைத்தோம். கோச் நோட்டைக் காட்டி, "எல்லாம் சரியாத்தானே இருந்துச்சும்மா" என்று அழுதார். எனக்கு அவரை அடிக்கத் தோன்றியது.

இன்று உன் கடிதமும் வந்தது. வெள்ளிக்கிழமை தபாலில் போடச் சொல்லித் திங்களன்றே கோஸ்டாடினிடம் கொடுத்தாயாம். அதைப் போடாமல் வைத்துக்கொள்ள அவனுக்கு மனம் வரவில்லை. தேதி 21 என்று போட்டிருக்கிறாய். எடைச் சோதனையில் தேறிவிட்டாயாம், நன்றாகத் தூங்கினாயாம், நாடி 54.

இன்று காலை எழுமுன் என் நாடியைப் பார்த்தேன். தொண்ணூற்றெட்டு.

எண்ணித்தான் எழுதுகிறேன், தம்பி.

அக்கா