கையுறை போடாமல் தொட்டது

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் மகள் இங்கே சுகம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? இந்த முறை கொஞ்சம் பயந்துகொண்டேதான் கேட்கிறேன்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு எஃகுக் கலத்திலிருந்து காற்றை முழுவதும் உறிஞ்சி எடுப்போம். பிறகும் உள்ளே என்னென்ன வாயு மிச்சமிருக்கிறது என்று காட்டும் கருவியைப் பராமரிப்பது என் வேலை. போன வாரம் அதற்குள் சூடேறும் மெல்லிய கம்பியான ஃபிலமென்டை மாற்றும்போது அவசரத்தில் கையுறை போடாமல் தொட்டுவிட்டேன். என் விரலின் எண்ணெய்ப் பிசுக்கு வாயுவாகி அப்படியே திரையில் தெரிந்தது. கலத்தைச் சுத்தம் செய்யும்வரை எல்லோர் வேலையும் நின்றுபோனது.

"என்னம்மா ஆச்சு?" என்றார் மேலாளர்.

"அம்மாவுக்கு உடம்பு சரியில்ல சார், மனசு இங்க இல்ல" என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டேன்.

அன்றிலிருந்து தினமும் உன்னை விசாரித்தார். நேற்று, "ஊருக்குப் போயிட்டு வாம்மா, உன் வேலைய நான் பாத்துக்கறேன்" என்றார். உண்மையைச் சொல்லிவிட்டேன்.

அவர் கேட்டதெல்லாம் இதுதான்: "அப்ப அம்மா நல்லா இருக்காங்கல்ல? அது போதும். போய் வேலையப் பாரு."

திட்டியிருந்தால்கூடத் தேவலை.

நீ தைக்கும் தலையணை உறை இரண்டு அனுப்பு. இங்கே வாங்கியதில் தூக்கம் வரமாட்டேன் என்கிறது. வண்டி வந்துவிட்டது, ஓடுகிறேன். நிஜமாகவே உனக்கு முடியாமல் போனால் மட்டும் என்னிடம் மறைக்காதே அம்மா.

உன் மகள்