வெளிறிப்போன பட்டன்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நான் இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை ராஜா, இருக்கிறேன் என்று மட்டும் எழுதுகிறேன், நீயும் மருமகளும் பேத்தி சிட்டுவும் நலமாக இருக்க வேண்டும், எழுந்ததும் படுக்கும்போதும் அதைத்தான் கேட்டுக்கொள்கிறேன். போனில் பேசலாம்தான், ஆனால் போனில் நீ "ம்" என்கிறாய், நானும் "ம்" என்கிறேன், அப்புறம் ஒருத்தர் மூச்சு விடுவதை இன்னொருத்தர் கேட்டுக்கொண்டிருக்கிறோம், அதனால்தான் எழுதுகிறேன். சமையலறைக் குழாய் சொட்டுவது நின்றுவிட்டது, மாடி வீட்டு டீச்சர் ஆள் பிடித்து வந்து சரிசெய்தார். அப்பாவின் சட்டைகளை இன்னும் கொடியிலிருந்து எடுக்கவில்லை, யாரும் என்னை அவசரப்படுத்த வேண்டாம் என்று உன் அத்தையிடம் சொல்லிவிட்டேன். மருமகள் போன வாரம் தனியாகக் கூப்பிட்டாள். "அத்தை, வேலை விட்டு வந்ததும் அந்த விசா ஆபீசுக்கு எழுத உக்கார்ந்துடறார், சாப்பிடக் கூப்பிட்டா காதுல விழல, சிட்டு காலைக் கட்டிக்கிட்டாக்கூடக் குனிஞ்சு பாக்க மாட்டேங்கறார்" என்று அழுதாள். அவளிடம் கோபித்துக்கொள்ளாதே, சொன்னது நல்லதுதான். "அன்னைக்கு என்னதான் நடந்துச்சு, முழுசா சொல்லும்மா" என்று நீ கேட்டபோது நான் பேச்சை மாற்றிவிட்டேன், அப்போது சொல்லியிருந்தால் நடுவில் உடைந்துபோயிருப்பேன். இப்போது சொல்கிறேன், உட்கார்ந்து படி.

அப்பாவுக்குக் கண்ணில் அழுத்தம் இருந்தது உனக்குத் தெரியும், எவ்வளவு தூரம் போயிருந்தது என்பது தெரியாது. கண் டாக்டர் ஒரு பலகையைக் காட்டினார், அதில் எழுத்தெல்லாம் ஒரே அளவு, மேல் வரி கன்னங்கரேல் என்று இருக்கும், கீழே வர வர வெளுத்துக்கொண்டே போய்க் கடைசி வரி வெள்ளையோடு வெள்ளையாகக் கரைந்திருக்கும். அப்பா மேலே இருந்த கொஞ்சத்தைப் படித்துவிட்டு, "என்ன டாக்டர், பாதியிலேயே பெயின்ட் தீர்ந்துபோச்சா" என்றார், டாக்டரும் சிரித்தார், நானும் சிரித்தேன். அப்புறம்தான் டாக்டர் சொன்னார், எழுத்து சின்னதாக இருந்தாலும் கறுப்பாக இருந்தால் இவர் படித்துவிடுவார், எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வெளிறியிருந்தால் இவருக்கு அங்கே ஒன்றுமே இருக்காது, போனது திரும்பி வராது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்று. வரும் வழியில் அப்பா, "அவன்கிட்ட சொல்லாத. கம்ப்யூட்டர் பக்கங்கள்ல எழுத்து கலர் பின்னாடி இருக்கற கலர்லேர்ந்து பிரிஞ்சு தெரியுதா, கண்ணு சரியில்லாதவன் படிப்பானான்னு நாள் பூரா அதையே பாத்துட்டு வரான், வீட்டுக்கு வந்தும் இதையே கேக்கணுமா" என்றார். உன் வேலையை அவர் இவ்வளவு சரியாகப் புரிந்துவைத்திருந்தது எனக்கே அன்றுதான் தெரிந்தது.

நாங்கள் உன்னிடம் வர விசா நேர்காணலுக்கு நாள் குறிக்க வேண்டும், அங்கிருந்தே போட்டுத் தருகிறேன் என்று நீ சொன்னாய். "ஆயுசு பூரா லேத் மெஷின் ஓட்டினவன், ஒரு பக்கத்தை நிரப்பத் தெரியாதா" என்று அவர் வீறாப்பாக உட்கார்ந்தார். என் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லிச் சொல்லி அடித்தார். நாளைத் தேர்ந்தெடுத்ததும் பக்கத்தின் தலையில் பெரிதாக ஒரு பச்சை டிக் வந்தது, "முடிஞ்சுது, பெட்டியைக் கட்டு" என்று கம்ப்யூட்டரை மூடினார். நான் அதற்குள் சிட்டுவுக்கு என்ன எடுத்துப் போவது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். அந்த டிக்குக்குக் கீழே, வெள்ளைத் தாளில் சாம்பல் தூவியதுபோல, இன்னும் முடியவில்லை என்று ஒரு வரியும், உறுதிசெய் என்று ஒரு பட்டனும் இருந்திருக்கின்றன.

அந்த நாள் வந்தது. சட்டையைத் தேய்த்து, ஷூவைத் துடைத்து, சிட்டுவின் போட்டோவை ஃபைலில் மேலாக வைத்து, என்னையும் கூட்டிக்கொண்டு போனார், கேட்டால் காட்டலாமாம். வாசலில் காவல்காரர் பட்டியலில் விரலை வைத்து இறக்கினார், மறுபடியும் மேலிருந்து இறக்கினார், "பேர் இல்ல சார்" என்றார். "இருக்கும், நல்லாப் பாருங்க, பச்சை டிக் வந்துச்சே" என்றார் அப்பா. அந்த மனிதர் நல்லவர்தான், "டிக் வரும் சார், அதுக்குக் கீழ இன்னொரு பட்டன் இருக்கு, அதை அமுக்கினாத்தான் கணக்கு, தினமும் யாராவது இப்படி வந்து நிக்கறாங்க" என்றார். அப்பா போனில் அந்தப் பக்கத்தைத் திறந்தார், காவல்காரர் நகத்தை வைத்து இடத்தைக் காட்டினார், அப்பா போனை மூக்குவரை கொண்டுபோனார், சாய்த்துப் பார்த்தார், கையால் நிழல் கட்டிப் பார்த்தார். "இங்கயா? இங்கயா சார்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பின்னால் வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவர் ஃபைலை மூடிக்கொண்டு திரும்பினார், வெளியே வரும்போது படி இருப்பது தெரியாமல் கால் வைத்தார், நான் பிடித்துக்கொண்டேன். பஸ்ஸில் ஒன்றே ஒன்று சொன்னார், "இது அவன் செஞ்ச பக்கம் இல்ல. அவன் செஞ்சிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்" என்று. உனக்குத் தர வேண்டியது இதுதான் ராஜா, இதை வைத்துக்கொள்.

ஆபீஸில் நேர்காணலைத் தள்ளிவைத்துவிட்டார்கள் என்று உன்னிடம் அவர் சொன்னது அதனால்தான். அதற்கப்புறம்தான் உன்னிடம் அந்தச் சோதனையைக் கற்றுக்கொண்டார், பொழுது போகாமல் கேட்கிறார் என்று நீ நினைத்தாய். எழுத்தின் நிறத்தை உறிஞ்சி, பின்னால் இருக்கும் நிறத்தை உறிஞ்சி, இரண்டுக்கும் எவ்வளவு தூரம் என்று எண்ணாகச் சொல்லுமே, அதேதான். நாலரைக்குக் கீழே போனால் தேறாது என்று நீ சொன்னதைப் பிடித்துக்கொண்டு கரன்ட் பில் பக்கம், பாங்க் பக்கம், காஸ் பக்கம் எல்லாவற்றையும் பரீட்சைக்கு நிறுத்தினார். "ஃபெயில்! அப்பாவைக் கூட்டிட்டு வரச் சொல்லு" என்று கூடத்திலிருந்து கத்துவார். பழைய பேப்பர் கடைக்காரர் தன் வெப்சைட்டில் வெள்ளையில் கறுப்பாக நாலு வரி எழுதிவைத்திருந்தார், அதற்கு இருபத்தொன்று வந்தது, அதற்கு மேல் மார்க்கே கிடையாதாமே, "இவன்தான் ஸ்கூல் ஃபர்ஸ்ட்" என்று அவருக்கு ஒரே கும்மாளம். மாடி வீட்டு டீச்சரைப் பக்கத்தில் உட்காரவைத்து மறுபடியும் நாள் குறித்தார், டீச்சர் விரலால் இடத்தைக் காட்ட இவர் அமுக்கினார். கிடைத்த நாள் மாதக்கணக்கில் தள்ளி இருந்தது. அந்த நாளுக்கு அவரால் வந்து சேர முடியவில்லை. ஒரு மத்தியானம் சட்டைப் பட்டன் போட்டுக்கொண்டிருந்தவர் நாற்காலியில் உட்கார்ந்து "கொஞ்சம் தண்ணி" என்றார், நான் கொண்டுவந்தபோது வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

நீ வந்தாய், எல்லாம் முடிந்ததும், ஒரு பட்டன் தெரியாமல் முதல் நாள் வீணாய்ப்போனது என்று மட்டும் சொன்னேன், நீ அவர் கம்ப்யூட்டரைத் திறந்து அந்தப் பக்கத்தைச் சோதித்தாய், "ரெண்டுகூட வரலம்மா" என்றாய். நீ திரும்பிப் போன பிறகுதான் அந்த நேர்காணல் நாள் வந்தது, உனக்குச் சொல்லாமல் நான் போனேன். வாசலில் அதே காவல்காரர், பட்டியலைப் பார்த்துவிட்டு முகமெல்லாம் சிரிப்பாக, "இந்தத் தடவை ரெண்டு பேர் பேரும் இருக்கும்மா, சார் எங்க?" என்று கேட்டார். நான் படியைப் பார்த்துக் கால் வைத்து ஏறினேன். உள்ளே ஜன்னலில் இருந்த பெண் அப்பாவின் பெயருக்கு எதிரே வரவில்லை என்று பதிய வேண்டியிருந்தது, அதற்கான பட்டனை அவள் திரையோடு முகத்தை ஒட்டவைத்துத் தேடினாள், பக்கத்துப் பெண்ணிடம் கேட்டாள். "எங்க பக்கமும் இதே சாம்பல்தாம்மா, எது எங்க இருக்குன்னு கைக்குப் பழகிப்போச்சு, இது எப்பவாவதுதான் வரும்" என்றாள். நான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் எழுந்துபோய் மேலதிகாரியைக் கூட்டிவந்தாள். அவர் உன் கடிதங்களையெல்லாம் படித்திருக்கிறார். "பக்கத்தை மாத்தற அதிகாரம் எங்களுக்கு இல்லம்மா, மேல அனுப்பியிருக்கேன், பதில் வரல" என்றார். பதில் வரும்வரை வாசலில் வந்து நிற்பவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். நேற்று டீச்சரை விட்டுப் பார்க்கச் சொன்னேன், பக்கம் அப்படியேதான் இருக்கிறது.

ஒன்று சொல்கிறேன் கேள். அந்த நிறம் அப்பாவைக் கொல்லவில்லை, அவர் இதயம் நின்றது, அதற்கு நீயோ நானோ அந்த ஆபீஸோ பொறுப்பில்லை. ஆனால் அவர் பேத்தியைத் தூக்கவிடாமல் செய்தது அந்த நிறம்தான். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு உன்னை நீயே தின்னாதே. முதலாவதை அழுது தீர்த்துக்கொள். இரண்டாவதற்கு எழுது, விடாமல் எழுது, ஆனால் சாப்பிட்டுவிட்டு எழுது.

எனக்கு விசா வந்துவிட்டது. டிக்கெட்டை நீயே போட்டுவிடு, ஒன்று போதும். நீயும் மருமகளும் ஒருவருக்கொருவர் துணையாக, நோய்நொடி இல்லாமல் நீடூழி இருக்க வேண்டும், சிட்டு நல்ல கண்ணோடு நல்ல மனசோடு வளர வேண்டும். மருமகளுக்கு இருமல் நின்றதா என்று மறக்காமல் எழுது, தலைக்குக் குளித்தால் நன்றாகத் துவட்டச் சொல். விமான நிலையத்தில் என்னைப் பார்த்ததும் நீ அழுவாய், எனக்குத் தெரியும். முதலில் குழந்தையை என் கையில் கொடு, அப்பாவின் பங்குக்கும் சேர்த்து நான் தூக்க வேண்டும். மற்றதெல்லாம் வீட்டுக்கு வந்து வைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உன் வரவேற்புக்குக் காத்திருக்கும்
அம்மா