நான் திருத்திய அந்த ஓர் எழுத்து

என் வாயாடி மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நாங்கள் சுகம், அம்மாவின் முட்டிவலிகூட அவள் திட்டிய திட்டில் குறைந்துவிட்டது. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்ப ஆசைதான், ஆனால் ஒரு மாதமாகப் போனை எடுக்காதவளை எப்படி நம்புவது? தப்பு என்மேல்தான் தாயே. போன கடிதத்தில் நீ, பரிசோதனைக்கூடத்தில் இரண்டு ரத்தக் குப்பிகளின் சீட்டை மாற்றி ஒட்டிவிட்டேன், உடனே கண்டுபிடித்துவிட்டார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆனாலும் தூக்கமே இல்லை, நான் எதற்கும் லாயக்கில்லாதவள் என்று எழுதியிருந்தாய். அதில் ‘ள’ வர வேண்டிய இடத்தில் ‘ல’ போட்டிருந்தாய். அச்சகத்தில் முப்பத்தோரு வருஷம் பிழை திருத்திய கை சும்மா இருக்குமா, சிவப்பு மையில் சுழித்து, ஓரத்தில் ‘கவனம்’ என்று எழுதி உனக்கே திருப்பி அனுப்பினேன். அதைப் பெருமையாக அம்மாவிடம் வேறு சொன்னேன். புள்ள அழுதிருக்கா, நீங்க எழுத்துப்பிழை பாத்தீங்களா என்று கேட்டவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பல் டாக்டர் கட்டடத்து மாடியில் இருக்கும் மனநல ஆலோசகரிடம் என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

உன்னை எப்படித் தேற்றுவது என்று கேட்கத்தான் போனேன், அந்தம்மா என்னையே குடைந்தார். உங்க வேலையில தப்பே வந்ததில்லையா என்றார். வந்ததே! ஓர் இரங்கல் விளம்பரத்தில் ‘மறைவுக்கு வருந்துகிறோம்’ என்பது ‘மறைவுக்கு வாழ்த்துகிறோம்’ என்று அச்சாகிவிட்டது. பதினெட்டு வருஷமாகச் சவரம் செய்யும்போதெல்லாம் என்னை நானே முட்டாள் என்று திட்டிக்கொள்கிறேன், உன் அம்மாவுக்கே தெரியாது. இதையே உங்க பொண்ணு செஞ்சிருந்தா என்ன சொல்லுவீங்க என்றார். சிரிச்சுட்டு, போய்ச் சாப்பிடும்மான்னு சொல்லுவேன் என்றேன். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன், உனக்கு நான் அப்படிச் சொல்லவில்லையே. அதை உங்களுக்கும் ஒரு தடவை சொல்லிப் பாருங்க என்றார் அந்தம்மா. மறுநாள் கண்ணாடி முன் நின்று, போய்ச் சாப்பிடுப்பா என்று சத்தமாகச் சொன்னேன். அடுப்படியிலிருந்து உன் அம்மா, இன்னும் சமையல் ஆகல, அதுக்குள்ள என்ன பறப்பு என்கிறாள்!

மூன்று தடவை போய்விட்டேன், மனசு லேசாகத்தான் இருக்கிறது. உங்கள் ஆஸ்பத்திரியிலும் ஓர் ஆலோசகர் இருப்பதாக முன்பு சொன்னாயே, வெட்கப்படாமல் போய் உட்கார், அழுகை வந்தால் அழு. குப்பியை மாற்றியவளை நீ மன்னிக்க நாளாகலாம், அவள்மேல் எங்களுக்குக் கோபமே கிடையாது.

நூறு வருஷம் நன்றாக இரு. பதில் எழுத மனசில்லை என்றால் வெறும் உறையை ஒட்டி அனுப்பு. மேலே விலாசம் உன் கையெழுத்தில் இருக்குமே, எங்களுக்கு அது போதும்.

உன் வரவுக்கு எப்போதும் கதவைத் திறந்து வைத்திருக்கும்
அப்பா