வேயன்மலைக் கோட்டைக்குப் பயிற்சிக் கட்டு அனுப்பிய ஓலை

நலம் பெருகுக. மூன்று ஆறுகள் கூடிக் கடல் புகும் நீர்முனை நாட்டை நெறி வழுவாது ஆளும் ஆழிநங்கைப் பெருந்தேவியாரின் அமைச்சன் நாகன்தேவன், வேயன்மலைக் கோட்டையின் தண்டநாயகரும், இரு போர்களில் பகைவரைப் புறங்காட்டி ஓடச் செய்தவரும், என் தமக்கையின் கணவருமாகிய பூவாணருக்கு வணக்கத்துடன் விடுக்கும் ஓலை. தங்கள் மலையில் மழை தவறாது பொழிக. கோட்டைச் சுனைகள் வற்றாதிருக்க. தமக்கையாரும் மக்களும் நலமே வாழ்க.

தாங்கள் எழுதிய ஓலை வந்து சேர்ந்தது. தலைநகர்ப் பயிற்சிக்களத்தில் செம்பி என்பாள் ஏற்படுத்திய ஓலைக்கட்டு முறை தங்கள் கோட்டைக்கு வேண்டாம் என்றும், வேலேந்தும் வீரன் பள்ளிப்பிள்ளை போல ஓலை சுமந்து திரியமாட்டான் என்றும், அக்கட்டில் ஒன்றுமே எழுதாத வெற்றோலை ஒன்று இருப்பதைக் கேட்டுக் கோட்டையே சிரித்தது என்றும் அதில் கண்டேன். அவையில் உரக்கப் படித்தேன். அரசியார் சினக்கவில்லை. "உன் அத்தானுக்கு நடந்ததையெல்லாம் விடாமல் எழுது. ஆணையைக் கடைசியில் சொல்கிறேன்" என்றார். அவ்வண்ணமே எழுதுகிறேன்.

செம்பி அரண்மனைக் காவல் மகளிருள் ஒருத்தி. மல்லன் பனையன் தூக்கும் இளவட்டக்கல்லைத் தானும் தூக்கிக் காட்டுவதாகச் சென்ற ஆண்டு பந்தயம் கூறி, ஒரு நாளும் விடாமல் அக்கல்லோடு மல்லுக்கு நின்றாள். தூக்கவும் செய்தாள். தூக்கிய மூன்றாம் நாள் அவள் வலத்தோள் பிசகியது. மருத்துவர் ஆதனார் தோளுக்குக் கட்டுப் போட்டுவிட்டு, எந்த நாளில் எந்தப் பயிற்சி, எத்தனை முறை, ஓய்ந்தது என்றைக்கு என்று வினவினார்.

"தெரியலைங்க ஐயா. உடம்பு கேட்டதைச் செஞ்சேன்."

"உடம்பு எங்கே கேட்டது? பனையன் கேட்டான், நீ செய்தாய்" என்றார் மருத்துவர்.

அந்தச் சொல் அவளைச் சுட்டது. தோள் ஆறும்வரை காவலுக்குப் போக முடியாமல் வீட்டிலிருந்த அந்த இரண்டு திங்களில் அவள் செய்த வேலைதான் தங்களுக்கு இத்தனை கோபமூட்டிய ஓலைக்கட்டு. ஒரு பயிற்சிக்கு ஓர் ஓலை. எழுத்தறியாதாரும் அறியும்படி மேலே ஒரு சிறு உருவம் கீறியிருக்கும்: தண்டால் எடுப்பவன், கரலாக்கட்டை சுழற்றுபவள், வடம் பற்றிப் பாறை இழுப்பவன். செய்து முடித்த முறைகளுக்கு ஏற்ப அதன் கீழே எழுத்தாணியால் புள்ளி குத்த வேண்டும். ஓலைகளைக் கயிற்றில் கோத்திருப்பதால் கால் வலித்தவன் கால் பயிற்சியைக் கழற்றி வைக்கலாம். தோள் தேறியவள் புதிதொன்றைச் சேர்க்கலாம். வெற்றோலை வரும் நாளில் உடம்புக்கு ஓய்வு.

களத்துச் சுவரில் முளைகள் அடித்து, விரும்பியவர் தம் கட்டை அங்கே மாட்டலாம், வேண்டியவர் எடுத்துப் படி எடுத்துக்கொள்ளலாம் என்றாள். இதில் முதலில் இடறினோம் என்பதை மறைக்கமாட்டேன். பனையன் தன் கட்டை மாட்டிய அன்றே முப்பது வீரர் அதைப் படியெடுத்தனர். அதில் தண்டால் மட்டும் ஐந்நூறு. மறுநாள் காலையில் அவர்களுள் ஒருவனாலும் மதில் படி ஏற முடியவில்லை. கிழக்கு வாயிலைச் சமையற்கட்டு ஆட்கள் அகப்பையோடு காத்தனர். அதன்பின், பிறர் கட்டைப் படியெடுப்பவர் அதிலுள்ள எண்ணிக்கையில் பாதியிலிருந்து தொடங்க வேண்டும் என்று செம்பி விதித்தாள்.

என்னைப் பற்றியும் எழுதச் சொன்னார் அரசியார். நானும் ஒரு கட்டு வைத்திருந்தேன். நாற்பது முறை உட்கார்ந்தெழுந்துவிட்டு நூறு புள்ளி குத்தினேன். செம்பி அதைப் புரட்டிப் பார்த்தாள். "புள்ளி சரியா இருந்தா, அமைச்சரய்யா களத்துக்கு நாலு படி ஏறி வர்றதுக்கு இப்படி மூச்சு வாங்காதுங்களே" என்றாள். அவையோர் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கின்றனர். நானும் சிரிக்கப் பழகிவிட்டேன்.

ஆறு திங்களுக்குள் துறைமுகக் களமும் ஆற்றங்கரைக் களமும் படிகள் கேட்டு வாங்கின. மூன்று களத்தாரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. கட்டுகளை மட்டும் அறிவர். அவர்களை ஒருங்கே காண வேண்டுமென்று அரசியார் விரும்பியதால், சென்ற ஆடி வளர்பிறையில் செம்படுகைத் துறையில் கூடினர்.

அன்று மலையில் பெய்த மழை ஆற்றில் இறங்கியது. நடு ஆற்றில் ஐம்பத்து மூன்று பேரோடு ஓடம் வந்துகொண்டிருந்தது. அதைக் கரையோடு பிணைத்திருந்த வடத்தின் தூண் அடியோடு சாய்ந்தது. "வடம் போகுது, பிடிங்க" என்று ஓடக்காரர் அலறியதைக் கேட்டு எல்லாரும் பாய்ந்து பற்றினர். பற்றியவர் அறுபது பேர். ஆயினும் ஒவ்வொருவரும் தத்தம் போக்கில் இழுத்தமையால் வடம் கைகளை அறுத்துக்கொண்டு நழுவியது. ஓடம் சுழியை நோக்கித் திரும்பியது. உள்ளேயிருந்த பெண்கள் பிள்ளைகளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்ததை நான் கண்ணால் கண்டேன்.

செம்பி வடத்தைத் தொடவில்லை. காவலுக்குத் திரும்பிவிட்டாலும் வடம் இழுக்கும் அளவுக்கு அவள் தோள் இன்னும் தேறவில்லை; அன்று அவளுக்கு வெற்றோலை. அவள் கரைப்பாறை மேல் ஏறி நின்று, "ஏழாவது ஓலை" என்று கூவினாள். எல்லாக் கட்டுகளிலும் ஏழாவது ஓலை பாறை இழுக்கும் பயிற்சி: நான்கு எண்ணும்வரை இழுத்து, இரண்டு எண்ணும்வரை நிறுத்திப் பிடிப்பது. மூன்று களத்தாரும் அதைத் தனித்தனியே நூறு காலைகளில் செய்தவர்கள். அவள் எண்ணினாள், அறுபது பேரும் ஒரே உடம்பாகச் சாய்ந்தனர். நழுவிய வடம் நின்றது. பின்பு சாண் சாணாக வந்தது. ஓடம் கரை தொட்டபோது ஒரு வண்டிப் பானைகளும் இரண்டு நெல்மூட்டைகளும் போயிருந்தன. உயிர் ஒன்றும் போகவில்லை.

இறங்கியவர்களுள் தங்கள் தூதன் கோடனும் இருந்தான். தொப்பலாக நனைந்து வந்து, இடுப்பிலிருந்து தங்கள் ஓலையை எடுத்து என் கையில் கொடுத்தான். நான் அதைப் படித்துவிட்டு அவனைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான். "இதுல என்ன எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியுமுங்க. அதை அந்த அம்மாவுக்குக் காட்டாதீங்க" என்றான். செம்பியோ தானே வாங்கிப் படித்தாள். வெற்றோலையைப் பற்றிய வரியில் அவளுக்கும் சிரிப்பு வந்தது, "தண்டநாயகருக்கு முழங்கால் வலி உண்டா?" என்று மட்டும் கேட்டாள். உண்டென்றான் கோடன்.

அத்தான், தங்கள் வீரத்தை யான் ஐயுறவில்லை. மாடிப்படியைக் கண்டால் தாங்கள் முகம் சுளிப்பதைத் தமக்கையார் எழுதியிருந்ததால் இதையும் சேர்த்து எழுதத் துணிந்தேன்.

இனிப் பெருந்தேவியாரின் ஆணை. வரும் முழுநிலவுக்குப் பின் ஐந்தாம் நாள் செம்பி பன்னிரண்டு கட்டுகளுடன் வேயன்மலை வருவாள். கோட்டைக் களத்துச் சுவரில் முளைகள் அடித்து வைக்க. அவளைச் சிறப்பிருக்கையில் அமர்த்தி வேடிக்கை காட்டாமல் களத்தில் நிற்கவிடுக. கட்டுகளுள் ஒன்று தங்களுக்கென்று அரசியார் தம் கையால் கீறியது, அதில் ஐந்தே ஓலைகள்: மூன்று முழங்காலுக்கு இதமானவை, இரண்டு வெற்றோலைகள்.

இவ்வாணைக்கு ஓலையில் மறுமொழி எழுத வேண்டா. அவள் வந்த பதினைந்தாம் நாள், தாங்கள் புள்ளி குத்திய அக்கட்டையே மறுமொழியாக அனுப்புக. புள்ளி எத்தனையாயினும் அரசியார் ஏற்பார்; உண்மையாய் இருக்க வேண்டும் என்பது மட்டுமே அவர் கட்டளை.

ஆணைப்படி எழுதினேன், நாகன்தேவன். அரக்கு ஒட்டிச் சுறா முத்திரை இடப்பட்டது. இதைக் கொணரும் கோடனுக்குச் சுடுசோறு இடுக.